கம்பு வளையாமல் காக்கும் தாங்கி

ஜவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசல் வட்டாரத்தில் தறி வைத்திருக்கும் அங்கத்தினர்களே! பாவிழை அடிக்கடி அறுந்தால் நூலைக் குறை கூறுகிறோம். பசையைக் குறை கூறுகிறோம். பாவிழைகளைப் பிரித்து நிறுத்தும் மூங்கிற் கம்பு நேராக உள்ளதா என்று நோக்குவோர் சிலரே. கம்பு வளைந்தால் சில இழைகள் இறுகும், சில தளரும். இறுகியவை அறும். அவற்றை முடிந்து சேர்க்கும் நேரத்திற்குக் கூலி கிடைப்பதில்லை.

கம்பு வேலையில் வளைவதைவிட ஓய்வில் வளைவதே மிகுதி. சுவரில் சாய்த்த கம்பு தன் எடையாலேயே மெல்ல வளைகிறது. நாளடைவில் அவ்வளைவு நிலைத்துவிடுகிறது.

அரபிக்கடலின் மினிக்காய்த் தீவினர் நீண்ட தூண்டிற்கழிகளால் சூரை மீன் பிடிக்கின்றனர். படகில் இடமோ குறைவு, கழியோ நீளம். இத்தகைய இடத்தில் கழியை நீளவாட்டில் கிடத்தி வைப்பதே தக்கது. நம் தறி வீடும் படகைப்போல் குறுகியதே. ஆதலின் அம்முறை நமக்கும் பொருந்தும்.

எங்கே தாங்குவது என்பதே பாடத்தின் சாரம். கம்பின் நீளத்தை ஒன்பது பங்காக்குக. இரு முனைகளிலிருந்தும் இரண்டு பங்கு உள்ளே தாங்கி அமைக. 9 அடிக் கம்பிற்கு முனையிலிருந்து 2 அடி. நடு இடைவெளி 5 அடி. முனைகளில் மட்டும் தாங்கினால் நேரும் தொய்வில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கே இம்முறையில் உண்டாகும்.

செய்முறை எளிது. பழைய பலகைத் துண்டுகள் இரண்டை ஒரே அளவாக அறுத்துக்கொள்க. கம்பின் பருமனைவிடச் சற்று அகலமான பள்ளங்களை இரண்டிலும் நேருக்குநேர் வெட்டுக. பள்ளங்களில் பழைய சைக்கிள் டியூப் துண்டுகளை ஒட்டுக. மண்சுவர் ஆணியைத் தாங்காது. ஆதலின் பலகைகளைக் கயிற்றால் கூரைக் கைமரத்தில் ஒரே மட்டத்தில் தொங்கவிடுக. படகிலாயின், அலையில் கழி துள்ளாதிருக்கப் பலகைகளை உறுதியாகப் பொருத்தி, பள்ளத்தின் மேல் ஒரு வாரும் கட்டுதல் வேண்டும்.

குழித்தறியின் ஈரத்தில் கம்பைக் கிடத்தலாகாது. கம்பினடியில் மாவுபோல் தூள் உதிர்ந்தால் வண்டு துளைக்கிறது என்று அறிக. மூங்கிலிலுள்ள மாச்சத்தே அவ்வண்டின் உணவு. பச்சை மூங்கிலைச் சில வாரம் நீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தினால் அச்சத்துக் குறையும். நூலைத் தொடும் கம்பில் எண்ணெய் பூசலாகாது. துணியில் கறை படியும்.

பயிரிடும் அங்கத்தினர்க்கு ஒரு செய்தி: 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால், காட்டிற்கு வெளியே வளரும் மூங்கில் இந்திய வனச் சட்டத்தில் 'மரம்' என்னும் வகையினின்று நீக்கப்பட்டது. வரப்போரம் ஒரு புதர் வளர்த்தால் அண்டை நெசவாளருக்கும் கம்பு கிடைக்கும்.

இன்றிரவு வேலை முடிந்ததும் உங்கள் கம்பைச் சமதரையில் உருட்டிப் பாருங்கள். தடுக்கித் தடுக்கி உருண்டால், தாங்கி செய்யும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.