மல்லாரியைக் கேட்கப் பழகுவோம்

"எமக்குச் சங்கீத ஞானம் இல்லை" என்று கூறி, நாதஸ்வரம் ஒலிக்கும் வேளையில் ஊர்க்கதை பேசும் அடியார்கள் பலர். ஞானம் வேண்டியதில்லை, காது கொடுத்தாற் போதும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கட்டணமின்றிச் சாஸ்திரீய சங்கீதம் கேட்கக் கோயில் வீதியை விடச் சிறந்த இடம் எது?

சுவாமி வீதியுலா எழுந்தருளும்போது வாசிக்கப்படுவது மல்லாரி. பெரும்பாலும் கம்பீரநாட்டை இராகத்தில் அமையும். இதற்குப் பாடல் வரிகள் இல்லை. ஆகவே பொருள் விளங்கவில்லையே என்ற கவலையும் இல்லை. ஒரே அமைப்பு முதலில் மெதுவாகவும், பின் இரட்டிப்பு வேகத்திலும், அதனிலும் இரட்டிப்பாகவும் வருவதைக் கவனியுங்கள். இதுவே திரிகாலம்.

கீர்த்தனைகளிற் பல ஆதி தாளத்தில் அமைந்தவை. எண்ணிக்கை எட்டு: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பின்பு தட்டும் வீச்சும் இருமுறை. பிள்ளைகள் விரைவிற் பழகிவிடுவர்.

இரவு பள்ளியறைப் பூசையில் நீலாம்பரி ஒலித்தால், காலையிற் கேட்ட பூபாளத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இராக வேறுபாடு தானே புலப்படும்.

தவில் மேதை யாழ்ப்பாணம் வி. தெட்சணாமூர்த்தி (1933–1975) வாசித்த காலத்தில், ஈழத்துக் கோயில் வீதிகளில் ஊரே திரண்டிருந்து கேட்டது. இன்று வித்துவான் வாசிக்க, எமது பார்வை கைத்தொலைபேசியில். கேட்பார் இல்லையெனில் அவர் பிள்ளைகள் இக்கலையைத் தொடர்வார்களா? பிறகு ஒலிப்பெட்டியுடன்தான் சுவாமி வீதிவலம் வரவேண்டியிருக்கும்.

இம்முறை திருவிழாவில் மேளத்துக்கு அருகே பத்து நிமிடம் நில்லுங்கள். முடிந்ததும், "இது என்ன இராகம் ஐயா?" என்று வித்துவானிடம் கேளுங்கள். மகிழ்ந்து சொல்வார். எம்பெருமான் திருவருள் துணைநிற்பதாக.