மரவேலைக்கு ஏற்ற பசை

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகள் மழை குறைந்த மானாவாரி நாடு. கோடையில் மரம் சுருங்கும். ஐப்பசி மழையில் ஊதும். ஆகையால் பச்சை வேம்பை ஒட்டினால் எப்பசையும் நில்லாது. தறிச்சட்டத்தின் பொருத்து விட்டால் நெசவாளிக்கு அன்றைய கூலி போயிற்று. எனவே மரத்தை நிழலில் நன்கு உலர்த்துவதே முதல் வேலை.

வச்சிரம்: இது மாட்டுத்தோல், எலும்பு இவற்றினின்றும் எடுக்கப்படுவது. கட்டியை உடைத்து இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துள் வைத்து உருக்குக. நேரே அடுப்பிலேற்றிக் கொதிக்கவிட்டால் பிடிப்புக் குறையும். சூடாகவே தடவி உடனே இறுக்குக. நீர் பட்டால் இளகுமாதலின் வீட்டுச் சாமான்களுக்கே இது ஏற்றது.

வெள்ளைப் பசை: நம் நாட்டில் ஃபெவிகால் 1959-இல் வந்தது. இதனைக் காய்ச்ச வேண்டுவதில்லை. மெல்லியதாய்த் தடவி ஒரு நாள் இறுக்கி வைத்தல் போதும். சாதாரண வகை மழைக்குத் தாங்காது.

இருபாக எப்பாக்சி: நீர் படும் இடத்திற்கு உதவும். கையில் படலாகாது; உறை அணிக.

ரப்பர்ப் பசையின் ஆவி எளிதில் தீப்பற்றும், மயக்கமும் தரும். கதவைத் திறந்து வைத்தே வேலை செய்க. விளக்கு, பீடி அருகில் கூடாது.

வண்டி, ஏர் போன்ற பாரந்தாங்கும் பொருத்துகளில் பசையை நம்பாது, கழுந்தும் ஆப்புமே வைக்க வேண்டும்.

வேலைக்கு முன் இரு கழிவுத் துண்டுகளை ஒட்டி, மறுநாள் உடைத்துப் பார்க்க. மரநார் கிழிந்தால் பசை நன்று. ஒட்டிய இடமே வழுவழுப்பாய்ப் பிரிந்தால் பசையிலோ உலர்த்தலிலோ குறை உண்டு.