பிளக் குழிக்குள் மழைநீர்: கார் ஏன் திக்குகிறது?

இரவெல்லாம் மழை. காலையில் காரைக் கிளப்புகிறீர்கள். இயந்திரம் ஓடுகிறது, ஆனால் திக்கித் திக்கி ஓடுகிறது. ஸ்டீயரிங் நடுங்குகிறது. மீட்டர் பலகையில் மஞ்சள் நிற இயந்திர விளக்கு சிமிட்டுகிறது. பத்து நிமிடத்தில் நடுக்கம் தானாக அடங்கிவிடுகிறது. பட்டறைக்குப் போய்ச் சேரும்போது கார் நல்ல பிள்ளையாக நிற்கிறது. மெக்கானிக்கும் "ஒன்றும் தெரியவில்லையே" என்று கையை விரிக்கிறார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே கதை.

இப்படி வந்து வந்து போகும் கோளாறுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் முதலில் பார்க்க வேண்டியது, ஸ்பார்க் பிளக்கைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்பதுதான். பார்ப்பதற்குச் செலவு இல்லை. பார்க்காமல் விட்டால் செலவு பெரிது.

முதலில் பிளக் செய்யும் வேலையைப் பார்ப்போம். அதன் நுனியில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைத் தாண்டி மின்பொறி பாய வேண்டும். திறந்த வெளியில் 1 மில்லிமீட்டர் காற்றைத் தாண்ட சுமார் 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் நெருக்கி அழுத்தப்பட்டிருப்பதால் அதைப்போல் பல மடங்கு மின்னழுத்தம் தேவைப்படுகிறது. பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் 20,000 வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்தித் தருவது இதற்காகத்தான். இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது ஒவ்வொரு பிளக்கும் விநாடிக்கு 25 தடவை பொறி விடுகிறது.

மின்சாரம் எப்போதும் எளிதான வழியைத் தேடும். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் உடல் நல்ல மின்காப்பு. ஆனால் அதன் மேல் ஈரம் படிந்தால், பொறி உள்ளே நுனிக்குப் போகாமல் பீங்கானின் வெளிப்பரப்பில் ஊர்ந்து இரும்பு உடலுக்குத் தாவிவிடும். தூய நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆனால் நம் கார்களுக்குள் புகுவது தூய நீர் அல்ல; தூசி, உப்பு, சோப்பு எல்லாம் கரைந்த நீர். பீங்கானின் மேல்பகுதியில் சில வளையங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை அழகுக்காக அல்ல. ஊர்ந்து போகும் பாதையை நீளமாக்குவதற்காக.

ஏற்றத்தில் மிதிக்கும்போது திக்கல் அதிகமாவதற்கும் இதுவே காரணம். காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. நுனி இடைவெளியைத் தாண்டுவது இன்னும் கடினமாகிறது. அப்போது ஈரமான வெளிப்பாதை பொறிக்கு மேலும் எளிதாகத் தோன்றுகிறது.

தண்ணீர் எப்படி அங்கே போகிறது? இன்றைய பல இயந்திரங்களில் பிளக் இயந்திரத்தின் தலைப்பகுதியில், ஒரு ஆழமான குழிக்குள் இருக்கிறது. குழியின் வாயைக் காயிலின் ரப்பர் மூடிக்கொள்கிறது. வெயிலிலும் வெப்பத்திலும் அந்த ரப்பர் வருடக்கணக்கில் இறுகி வெடித்துப்போகிறது. கண்ணாடிக்குக் கீழே உள்ள வடிகாலை மரத்தின் இலைகள் அடைத்துக்கொண்டால் மழைநீர் வழிந்து இயந்திரத்தின் மேல் விழுகிறது. ஆனால் என் அனுபவத்தில் மழையைவிடப் பெரிய குற்றவாளி காரைக் கழுவும் நாம்தான். சில ஆண்டுகளுக்கு முன் பழைய காரை விற்பதற்கு முன் இயந்திரம் பளபளக்கட்டுமே என்று கழுவும் கடையில் உயர் அழுத்தக் குழாயால் அடிக்கச் சொன்னேன். வாங்க வந்தவர் முன்னால் கார் இருமியது. பேசிய விலையில் கணிசமாகக் குறைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

குழிக்குள் இறங்கிய நீர் எளிதில் வெளியேறாது. இயந்திரம் சூடானால் ஆவியாகிறது. மேலே ரப்பர் அடைத்திருப்பதால் பெரும்பகுதி உள்ளேயே நிற்கிறது. குளிர்ந்ததும் மீண்டும் துளியாகிப் பீங்கானில் படிகிறது. காலையில் திக்கல், சூடானதும் சரி, மறுநாள் மீண்டும் திக்கல் என்ற அந்த ஒழுங்கு இதனால்தான் வருகிறது.

விளக்கு சிமிட்டினால் அலட்சியம் வேண்டாம். நிலையாக எரிவது வேறு, சிமிட்டுவது வேறு. சிமிட்டல் என்றால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே வினையூக்கி மாற்றியை நோக்கிப் போகிறது என்று பொருள். அங்கே அது எரிந்து, உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூட்டை உருக்கிவிடக்கூடும். ஒரு குழித் தண்ணீரைத் துடைக்காததற்காக அந்தப் பாகத்தையே மாற்ற நேர்ந்தால் ரிங்கிட் கணக்கு வேறு மாதிரி இருக்கும். ஆகவே வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள்.

இனிச் சோதனைக்கு வருவோம். இயந்திரம் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சாவியை எடுத்துவிடுங்கள், பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுங்கள். இயந்திரம் ஓடும்போது காயிலைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கம் இன்றைய மின்னழுத்தத்துக்கு ஏற்றதல்ல. காயிலின் திருகைக் கழற்றி, மெல்லத் திருப்பி மேலே இழுங்கள். பிறகு டார்ச் விளக்கால் குழிக்குள் பாருங்கள். ஒரு குச்சியில் சுற்றிய வெள்ளைத் தாளை உள்ளே விட்டு எடுத்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். நிறமில்லாத ஈரம் என்றால் மழைநீர் அல்லது கழுவிய நீர். பழுப்பான வழவழப்பு என்றால் எண்ணெய். வால்வு மூடியின் சீல் போய்விட்டது, அது வேறு வேலை. பச்சை, இளஞ்சிவப்பு போன்ற நிறமும் இனிப்பு வாடையும் இருந்தால் ரேடியேட்டர் குளிர்நீர் எங்கோ கசிகிறது.

தாளில் தூள் ஒட்டியிருந்தால் அதன் நிறமும் பேசும். செம்பழுப்பு இரும்பின் துரு. வெள்ளைத் தூள் பெரும்பாலும் அலுமினியம் அல்லது துத்தநாகப் பூச்சு அரிக்கப்பட்டதன் அடையாளம். நீலப்பச்சை என்றால் செம்போ பித்தளையோ உள்ள முனை கெட்டிருக்கிறது.

அடுத்த படிக்கு அவசரப்படாதீர்கள். குழியில் தண்ணீர் இருக்கும்போது பிளக்கைக் கழற்றினால் அது நேராகச் சிலிண்டருக்குள் இறங்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.3 லிட்டர், நான்கு சிலிண்டர் இயந்திரத்தில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 325 மில்லிலிட்டர். அமுக்க விகிதம் 10 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் 36 மில்லிலிட்டர்தான். 25 மில்லிமீட்டர் அகலமும் 100 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள குழியோ 49 மில்லிலிட்டர் கொள்ளும். பிளக் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தாலும் மிச்சம் ஆபத்தான அளவு. காற்றை அமுக்கலாம், நீரை அமுக்க முடியாது. வளைவது பிஸ்டன் தண்டுதான். எனவே ஊசிக்குழலால் நீரை உறிஞ்சி, துணியால் ஒற்றி, கண்ணுக்குக் கவசம் அணிந்து காற்றடித்து, துருத்தூளையும் வெளியேற்றிய பிறகே பிளக்கில் கை வைக்க வேண்டும்.

வீட்டில் இருக்கும் டபிள்யூடி-40 இங்கே உதவும். அதன் பெயரே நீரை விலக்கும் கலவையின் 40ஆவது முயற்சி என்பதைக் குறிப்பதுதான். ஆனால் அது தீப்பற்றும் திரவம். துடைத்து, ஆவி முழுதும் அடங்கிய பிறகே இயந்திரத்தைக் கிளப்புங்கள்.

பிளக் கழல மறுக்கிறதா? படிவம் ஐந்தில் வேதியியல் பயில்வோருக்குக் காரணம் உடனே விளங்கும். பிளக்கின் உடல் பூச்சு பூசிய எஃகு, தலைப்பகுதி அலுமினியம். இரண்டு வேறு உலோகங்கள், நடுவே உப்பு நீர்: இது ஒரு சிறிய மின்கலம். மின்வேதியல் வரிசையில் அலுமினியம் −1.66 வோல்ட், இரும்பு −0.44 வோல்ட். உப்பு அலுமினியத்தின் காப்புப் படலத்தைக் கிழித்ததும் அலுமினியம் கரையத் தொடங்குகிறது. எஃகின் பூச்சு போன இடத்தில் துருவும் ஏறுகிறது. துரு, தான் பிறந்த இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் மரைக்குள் ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும். முரட்டுத்தனமாகத் திருகினால் தோற்பது மென்மையான அலுமினிய மரைதான். ஊடுருவும் எண்ணெய் விட்டுச் சில மணி நேரம் காத்திருங்கள். கால் சுற்று திறந்து, மீண்டும் மூடி, மறுபடி திறந்து, பொறுமையாக எடுங்கள்.

எடுத்த நான்கு பிளக்குகளையும் வரிசையாக வைத்து ஒப்பிடுங்கள். பீங்கானில் பென்சிலால் மேலிருந்து கீழாகக் கீறியதுபோல் மெல்லிய கருங்கோடு இருந்தால், பொறி வெளியே ஓடிய தடம் அது. அந்தப் பிளக்கை மாற்ற வேண்டும்; காயிலின் ரப்பருக்குள்ளும் அதே கோடு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். கரியாகிப்போன தடம் காய்ந்த நாளிலும் மின்சாரத்தைக் கடத்தும். ஆனால் பீங்கான் இரும்பைச் சந்திக்கும் இடத்தில் சுற்றிலும் சீரான பழுப்பு வளையம் இருந்தால் பயப்படாதீர்கள். உயர் மின்னழுத்தம் காற்றில் உள்ள எண்ணெய்த் துகள்களை ஈர்த்துப் படியவைத்த கறை அது. அதைக் காட்டி, "வாயு கசிகிறது" என்று நல்ல பிளக்கை மாற்றச் சொல்பவர்கள் உண்டு.

காயில் கெட்டதா, பிளக் கெட்டதா என்ற சந்தேகம் வந்தால் இடமாற்றிப் பாருங்கள். குறியீடு படிக்கும் கருவி பி0302 என்று காட்டினால் இரண்டாம் சிலிண்டர் திக்குகிறது. அதன் காயிலை நான்காம் சிலிண்டருக்கு மாற்றுங்கள். குறியீடு பி0304 என்று மாறினால் காயிலே காரணம். மாறாவிட்டால் காயிலை வாங்காதீர்கள். பிளக், கம்பி இணைப்பு, எரிபொருள் தெளிப்பான் என்று தேடுங்கள்.

புதிய பிளக்கை முதலில் விரலால் திருகுங்கள். மரை தவறினால் விரல் உணர்ந்துவிடும். இறுக்கும் அளவு காரின் கையேட்டில் இருக்கும். அளவுச் சாவி இல்லையென்றால், வளையம் உள்ள 14 மில்லிமீட்டர் புதிய பிளக்குக்குக் கையால் இறுகிய பின் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை போதும். ரப்பரின் உட்புறம் மின்காப்பு கிரீஸ் சிறிதளவு தடவுங்கள். இறுகிப்போன ரப்பரை மாற்றாமல் பிளக்கை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்கு மீண்டும் இதே வேலைதான்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் இந்தக் குழி பயன்படும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் கார்கள் மூழ்கிக் கிடந்ததை நாம் மறக்கவில்லை. வெள்ளத்தில் நின்ற காரின் இருக்கையை மாற்றலாம், கம்பளத்தைத் துவைக்கலாம், வாசனை தெளிக்கலாம். பிளக் குழியைத் துடைக்க வேண்டும் என்று பலருக்குத் தோன்றாது. விற்பவரின் அனுமதியோடு ஒரு காயிலை மட்டும் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். குழியின் சுவரில் காய்ந்த சேற்றுக்கோடு தெரிந்தால், அந்தக் கோடு வரை தண்ணீர் ஏறியிருக்கிறது.