காதுக்கு ஒரு பாடவேளை

அன்புள்ள தம்பிக்கு,

ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் உள்ள கியூஆர் கோடை அக்காவின் போனில் திறந்து பாடக் காணொளியைப் பலமுறை பார்த்தும், யாராவது ஆங்கிலத்தில் பேசினால் புரிவதில்லை என்று எழுதியிருக்கிறாய்.

2018-இல் புதிய பாடநூல்களோடு அந்தக் கியூஆர் கோடுகள் வந்தது நல்ல வாய்ப்பு. ஆசிரியர் வகுப்பில் ஒருமுறை வாசித்தால் அதோடு போயிற்று என்றிருந்தது எங்கள் காலம். நீ ஒரே வாக்கியத்தை வேண்டிய மட்டும் திருப்பிக் கேட்கலாம். ஆனால் படமும் எழுத்தும் ஓடும் திரையில் கண் முந்திக்கொள்கிறது. காதுக்கு வேலையே இல்லாமல் போகிறது.

படமே இல்லாமல் சாதித்தவர்கள் உண்டு. 1970-களில் நிகராகுவா நாட்டுப் பள்ளிகளில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் வானொலி வழியே கணக்குப் பாடம் நடத்தினார்கள். வானொலிக் குரல் கேள்வி கேட்கும். சில விநாடி பேசாமல் இருக்கும். அதற்குள் வகுப்பே வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். பிறகு சரியான விடை வரும். 1980-களில் கென்யாவில் இதே முறையில் ஆங்கிலம் கற்பித்தார்கள். ஊடாடும் பாடத்தின் உயிர் அந்தச் சில விநாடி இடைவெளியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். இன்று எச்5பி போன்ற மென்பொருள்கள் காணொளியை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பதும் இதற்காகத்தான். உன் பள்ளியில் அது இல்லாவிட்டால் என்ன, நிறுத்தும் பொத்தான் உன் விரலடியில் இருக்கிறதே!

முதல் முறை போனைக் கவிழ்த்து வைத்துக் கேள். யார் யாரிடம் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பிடிபட்டால் போதும். அடுத்த முறை வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, காதில் விழுந்ததை உரக்கச் சொல். பிடிபடாத இடத்தில் வேகத்தைக் குறைத்துக்கொள். ஆனால் மறுபடி இயல்பான வேகத்தில் கேட்காமல் விடாதே. வெளியில் யாரும் உனக்காக மெதுவாகப் பேச மாட்டார்கள். எழுத்து வரிகளைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். 'வான்ட் டு' என்று திரையில் இருப்பது பேச்சில் 'வானா' என்று ஒட்டி ஒலித்திருக்கும். நீ தடுக்கி விழுந்த இடங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவையே.

தமிழுக்கும் இந்தப் பயிற்சி வேண்டும். அரம், அறம்; பல்லி, பள்ளி; தவளை, தவலை என்று நண்பனைப் பதிவு செய்து அனுப்பச் சொல். கேட்டு எழுதிவிட்டு அவனிடமே திருத்தி வாங்கு. பிறகு நீ அனுப்பு, அவன் எழுதட்டும்.

அடுத்த முறை எனக்குக் கடிதம் வேண்டாம். ஒரு பாடத்தைக் கேட்டு முடித்து, அதில் என்ன சொன்னார்கள் என்பதை உன் சொந்த ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய்து அனுப்பு. தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை. முழுவதும் கேட்டுப் பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்