எல்லை மூடும் காலத்தில் குழந்தைகளோடு குடிபெயர்வது எப்படி?

2021 ஏப்ரலில், கோவிட் பரவலால் இந்தியாவிலிருந்து வெளியேறும் வழிகள் மூன்றே நாளில் அடைபட்டன. 22ஆம் தேதி கனடா நேரடி விமானங்களை நிறுத்தியது. 23ஆம் தேதி பிரிட்டன் இந்தியாவைச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. 24ஆம் தேதி நள்ளிரவோடு ஐக்கிய அரபு அமீரகமும் கதவைச் சாத்தியது. வேலையை விட்டு, வாடகை வீட்டைக் காலி செய்து, ஃப்ரிட்ஜையும் விற்றுவிட்டு, மாமியார் வீட்டு ஹாலில் பெட்டிகளோடு காத்திருந்த குடும்பங்கள் அப்படியே நின்றுபோயின. கனடா 30 நாளைக்கு என்று அறிவித்த தடை, நீண்டு நீண்டு செப்டம்பர் 26இல்தான் முடிந்தது.

இந்தக் கட்டுரை சென்னையிலிருந்து கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்கு பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கிடைத்துப் போன குடும்பங்களின் 2020–22 நிலவரத்தை வைத்து எழுதப்பட்டது. அந்தக் காலத்துக் கோவிட் பயணக் கட்டுப்பாடுகளைக் கனடா 2022 அக்டோபர் 1ஆம் தேதி முழுவதுமாக விலக்கிக்கொண்டது. இன்னொரு நோய் வந்து எல்லைகள் மறுபடி மூடினால் எண்கள் மாறும். செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை பெரும்பாலும் மாறாது. அந்த வரிசைக்கு ஒரே விதிதான்: செய்தபின் திரும்பப் பெற முடியாத காரியம் எதுவோ, அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

ஒரு தாள், எல்லாத் தேதிகளும்

டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே மூன்று தேதிகளை எழுதுங்கள்: பாஸ்போர்ட் முடியும் நாள், மருத்துவப் பரிசோதனை காலாவதியாகும் நாள், சி.ஓ.பி.ஆர். எனப்படும் பி.ஆர். உறுதிக் கடிதம் காலாவதியாகும் நாள். மருத்துவப் பரிசோதனை 12 மாதம்தான் செல்லும். சி.ஓ.பி.ஆர். பொதுவாக அந்தப் பரிசோதனையோடோ பாஸ்போர்ட்டோடோ, எது முந்துகிறதோ அதோடு முடியும். நம் ஊரில் சிறுவர் பாஸ்போர்ட் ஐந்தே வருடம். அப்பா அம்மாவின் பாஸ்போர்ட் 2028 வரை இருக்கிறது என்று நிம்மதியாக இருப்போம். மூன்று வயதுப் பிள்ளையின் பாஸ்போர்ட் எல்லோருடைய பயணத்தையும் பிடித்து நிறுத்திவிடும். அதை முதலில் புதுப்பியுங்கள்.

நான்காவதாக, குழந்தைகளின் பிறந்தநாளையும் எழுதுங்கள். அன்றைய விதிப்படி ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு கோவிட் பரிசோதனை வேண்டியதில்லை, நிரம்பிவிட்டால் வேண்டும். இரண்டு வயது நிரம்பினால் மடியில் வைத்துப் பறக்க முடியாது, தனி இருக்கை எடுக்க வேண்டும். பயணம் ஒரு மாதம் தள்ளிப்போவதால் இந்தக் கோடுகளை உங்கள் பிள்ளை தாண்டிவிடக்கூடும்.

கடிதம் முடியும் தேதியைப் போலவே, அது எழுதப்பட்ட தேதியும் முக்கியம். 2020 மார்ச் 18ஆம் தேதியோ அதற்கு முன்போ சி.ஓ.பி.ஆர். கிடைத்தவர்களுக்குக் கனடா தன் நுழைவுத் தடையிலிருந்து விதிவிலக்கு அளித்தது. அதற்குப் பின் கிடைத்தவர்கள் 2021 ஜூன் 21 வரை காத்திருந்தார்கள். ஒரே தெருவில் இருந்த இரண்டு குடும்பங்களில் ஒன்று போனது, இன்னொன்று ஒரு வருடத்துக்கும் மேல் இங்கேயே இருந்தது. கடிதம் காலாவதியாகிவிட்டால் பதறி விமானம் ஏறாதீர்கள். அன்று கனடா குடிவரவுத் துறையே காலாவதியானவர்களைத் தொடர்புகொண்டு கடிதத்தைப் புதுப்பித்துக் கொடுத்தது.

காத்திருக்கும் காலத்தில் குழந்தை பிறந்தால் குடிவரவுத் துறைக்கு உடனே தெரிவியுங்கள். அந்தக் குழந்தைக்கும் மருத்துவப் பரிசோதனையும் தனிக் கடிதமும் வேண்டும். போய்ச் சேர்ந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால், பின்னாளில் அந்தப் பிள்ளையை வரவழைப்பதே சட்டச் சிக்கலாகும்.

இனிஷியலைக் கவனியுங்கள்

நம்மவர்களுக்கே உரிய தலைவலி இது. ஆதாரில் ‘எஸ். கார்த்திக்’, பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக் சுப்பிரமணியன்’, பரிசோதனைக் கூடத்தின் ரசீதில் வெறும் ‘கார்த்திக்’. விமான நிலையக் கவுன்ட்டரில் இருப்பவருக்கு இவை மூன்று ஆட்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிச் சான்றிதழ், பரிசோதனை முடிவு, டிக்கெட் ஆகிய எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகள் அப்படியே இருக்க வேண்டும். கோவின் தடுப்பூசிச் சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கும் வசதி வந்ததே இதற்காகத்தான். மாதிரி எடுக்க வருகிற லேப் தம்பியிடம் வாயால் பெயர் சொல்லாமல், பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்துப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

எல்லோரும் சேர்ந்தா, ஒருவர் முன்னாலா?

விண்ணப்பத்தில் யார் பிரதான விண்ணப்பதாரரோ, அவருக்கு முன் மற்றவர்கள் கனடாவில் இறங்க முடியாது. அவரோடு போகலாம், பின்னால் போகலாம். ஆகவே ‘அவர் போய் வீடு பார்க்கட்டும், நாம் பிறகு போகலாம்’ என்ற திட்டம் சட்டப்படி சரி. ஆனால் எல்லை மூடும் காலத்தில் ‘பிறகு’ எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஏப்ரல் தடைக்கு ஒரு வாரம் முன்பு போன அப்பாவுக்கும் இங்கே இருந்த பிள்ளைக்கும் இடையே ஐந்து மாதம் வந்து உட்கார்ந்தது. பாலர் வயதுப் பிள்ளை இருந்தால் சேர்ந்தே போங்கள், சேர்ந்து போக முடியாவிட்டால் சேர்ந்தே காத்திருங்கள் என்பதே என் கட்சி. பிரிந்துதான் போக வேண்டும் என்றால், குழந்தையை ஒருவர் மட்டும் அழைத்துப்போக மற்றவர் சம்மதிக்கிறார் என்ற கடிதத்தை, முடிந்தால் நோட்டரி கையெழுத்தோடு, கையில் வைத்திருங்கள்.

பாட்டி வந்து பார்த்துக்கொள்வார் என்ற கணக்கை முதல் வருடத்துக்கு அழித்துவிடுங்கள். பிரசவத்துக்கு அம்மா, பிள்ளை பார்க்க மாமியார் என்பது நம் வழக்கம். இந்தியா அன்று வழக்கமான சர்வதேச விமானங்களை 2020 மார்ச்சில் நிறுத்தி, 2022 மார்ச் 27இல்தான் மீண்டும் தொடங்கியது. இருவரும் வேலைக்குப் போகலாமா, ஒருவர் வீட்டில் இருக்க வேண்டுமா என்பதை இங்கிருந்தே முடிவு செய்யுங்கள்.

வேலையும் வீடும்

ஐ.டி. நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் 60 நாள், 90 நாள். எல்லை மூடுவதோ ஒரே இரவில். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் குடும்பங்கள் மாட்டிக்கொண்டன. மனிதவளத் துறையிடம் ராஜினாமாக் கடிதத்தோடு போகாமல், சம்பளமில்லா விடுப்போ, முன்கூட்டி விடுவிக்கும் வாய்ப்போ உண்டா என்று முதலில் கேளுங்கள். வீட்டுக்காரரிடமும் ‘காலி செய்கிறோம்’ என்று தேதி சொல்லாமல் மாத அறிவிப்பில் பேசி வையுங்கள். ஒரு மாத வாடகை வீணாவது பெரிதல்ல. பிள்ளையோடு நடுவழியில் நிற்பது பெரிது.

சாமான்களை விற்கும் வரிசை: முதலில் கட்டில், சோபா. பிறகு வண்டி. கடைசியாக வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், கேஸ் இணைப்பு. நகைகளைப் படமெடுத்து, மதிப்போடு பட்டியலாக எழுதி வையுங்கள். இறங்கும்போது கனடா சுங்கத்தில் கையோடு கொண்டுவந்தவை, பின்னால் வரப்போகிறவை என்று இரண்டு பட்டியல் தர வேண்டும். பெற்றோரில் ஒருவருக்குப் பவர் பத்திரம் எழுதுங்கள். செல்போன் எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள், வங்கியின் ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.

எந்த வழியாகப் போவது

சென்னையிலிருந்து கனடாவுக்கு நேரடி விமானம் இல்லை. டெல்லி வழி, ஃபிராங்க்ஃபர்ட் வழி, தோஹா வழி என்று எது எடுத்தாலும் இடையில் இறங்கும் ஊருக்கும் தனிச் சட்டம் உண்டு. போய்ச் சேரும் நாட்டின் விதியை எல்லோரும் படித்தார்கள். இடைவழி நாட்டின் விதியைப் படிக்காமல் சென்னையிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலர். ஒரே டிக்கெட்டில் கடைசி ஊர் வரை எடுங்கள். தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால், முதல் விமானம் ரத்தானால் அடுத்த நிறுவனம் பொறுப்பேற்காது.

ஐந்து மாதத் தடையின்போது, நேரடி வழி இல்லாததால் மெக்சிகோ, எகிப்து, செர்பியா என்று மூன்றாம் நாட்டுக்குப் போய், அங்கே பரிசோதனை எடுத்து, கனடா போனவர்கள் உண்டு. தனியாளாகப் போகிற மாணவருக்கு அது சாகசம். பிள்ளைகளோடு போகிற குடும்பத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அந்நிய ஊரில் ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்தால் மொத்தக் குடும்பமும் ஓட்டல் அறையில் அடைபடும். கடிதத்தைப் புதுப்பிக்கலாம், அங்கே செலவழியும் பணம் திரும்பாது.

72 மணி நேரக் கணக்கு

அதிகம் பேர் சறுக்கிய இடம் இது. 2021 ஜனவரி 7 முதல் கனடா போகும் விமானம் ஏற, 72 மணி நேரத்துக்குள் எடுத்த நெகட்டிவ் முடிவு வேண்டும் என்றார்கள். அந்த மணிக்கணக்கு ரிப்போர்ட் வந்த நேரத்திலிருந்து அல்ல, மூக்கில் குச்சி விட்ட நேரத்திலிருந்து. முடிவதும் சென்னையில் ஏறும்போது அல்ல, கனடாவுக்கு நேரே போகும் கடைசி விமானம் கிளம்பும்போது.

ஒரு கணக்கு போடுவோம். ஃபிராங்க்ஃபர்ட்டில் ஞாயிறு பகல் 12 மணிக்கு டொரன்டோ விமானம். 72 மணி நேரம் பின்னால் போனால் வியாழன் பகல் 12. கோடையில் ஜெர்மனியைவிட நாம் மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால், நம் நேரப்படி வியாழன் பிற்பகல் 3.30. அதற்கு முன் எடுத்த பரிசோதனை செல்லாது. சனி நள்ளிரவு தாண்டி மீனம்பாக்கத்தில் ஏறுகிறீர்கள் என்றால், வெள்ளி காலை எடுப்பதே சரி: அன்றிரவோ மறுநாள் காலையோ முடிவு வந்துவிடும், மாதிரி கெட்டுப்போனால் இன்னொரு முறை எடுக்கவும் சனிக்கிழமை மிச்சம் இருக்கும். விமானம் ஆறு மணி நேரம் தாமதமானாலும் கணக்கு உதைக்காது. நல்ல நேரம் பார்த்துக் கிளம்புகிறவர்கள் வீட்டை விட்டுப் படியிறங்குவதற்கு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்; லேப் நேரத்தில் ராகுகாலத்தை நுழைக்க வேண்டாம்.

தடை நீங்கிய செப்டம்பர் 27க்குப் பின் விதி இன்னும் இறுகியது. நேரடி விமானத்தில் போவோர், டெல்லி விமான நிலையத்தில் இருந்த ஜீன்ஸ்டிரிங்ஸ் என்ற ஒரே பரிசோதனைக் கூடத்தில், கிளம்புவதற்கு 18 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டியிருந்தது. சென்னைக் குடும்பங்கள் முதல் நாளே டெல்லி போக வேண்டியதாயிற்று. முன்பே நோய் வந்து குணமானவர்கள், 14 முதல் 180 நாளுக்குள் எடுத்த பாசிட்டிவ் சான்றைக் காட்டலாம் என்ற விதியும் இருந்தது. ‘எனக்குத்தான் வந்து போயிற்றே’ என்று பழைய ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

பிள்ளைக்கு மாதிரி எடுக்கும்போது: லேப் ஆளை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். முதலில் நீங்கள் உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பிள்ளையை மடியில், முதுகு உங்கள் மார்பில் சாய உட்கார வைத்து, கால்களை உங்கள் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்ளுங்கள். ஒரு கை நெற்றியில், ஒரு கை இரு கைகளையும் சேர்த்து. பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும். ‘வலிக்காது’ என்று பொய் சொல்லாதீர்கள்; விமான நிலையத்தில் மறுபடி எடுக்கச் சொன்னால் பிறகு நம்பாது.

தடுப்பூசி அட்டை

கோவிட் தடுப்பூசியில் பெரியவர்களுக்கு எந்தப் பெயர் செல்லும் என்று பாருங்கள். கோவிஷீல்டைக் கனடா தொடக்கத்திலிருந்தே ஏற்றது. கோவாக்சினை 2021 நவம்பர் 30 முதல்தான்.

பிள்ளைகளின் வழக்கமான தடுப்பூசிகள் இதைவிடப் பெரிய வேலை. ஒன்டாரியோ பள்ளியில் சேர, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா, சின்னம்மை, மெனிங்கோகாக்கல் உள்ளிட்ட தடுப்பூசிகளுக்குச் சான்று கேட்பார்கள். நம் அரசு அட்டவணையில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி உண்டு; பொன்னுக்குவீங்கி, சின்னம்மை, மெனிங்கோகாக்கல் கிடையாது. ஒன்பதாம் மாதம் போட்ட தட்டம்மை ஊசியையும் அங்கே எண்ண மாட்டார்கள். முதல் பிறந்தநாளுக்குப் பின் போட்டதே கணக்கு. விடுபட்டவற்றை இங்கேயே குழந்தை மருத்துவரிடம் போட்டுவிட்டு, முழுப் பட்டியலையும் அவருடைய லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து வாங்குங்கள். மாதத்தை எண்ணில் எழுத வேண்டாம். 4/7 என்றால் அங்கே ஏப்ரல் 7 என்று படிக்கவும் ஆள் உண்டு. பி.சி.ஜி. தழும்பையும் குறிப்பிடச் சொல்லுங்கள். காசநோய்த் தோல் பரிசோதனையில் அதனால் பாசிட்டிவ் காட்டலாம்.

பதினான்கு நாள்

கனடாவில் இறங்கியதும் பதினான்கு நாள் தனிமையில் இருக்க வேண்டியிருந்தது; அந்தத் தனிமைத் திட்டத்தைக் கனடா அரசின் அரைவ்கேன் செயலியில் முன்பே பதிவு செய்ய வேண்டியிருந்தது. 2021 பிப்ரவரி 22 முதல் ஆகஸ்ட் 8 வரை முதல் மூன்று இரவு அரசு அங்கீகரித்த ஓட்டலில் சொந்தச் செலவில் தங்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. 2,000 டாலருக்கு மேல் ஆகலாம் என்று அப்போதைய பிரதமர் ட்ரூடோவே அறிவித்திருந்தார்.

உறவினர் வீட்டு அடித்தளத்தில் தங்குவதாக இருந்தால், தனிக் குளியலறையும் தனி அடுப்பும் உண்டா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். முதல் மூன்று நாள் சாப்பாட்டைப் பெட்டியிலேயே வையுங்கள்: பருப்புப்பொடி, ரசப்பொடி, சிறிய குக்கர். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை வேண்டாம். தெர்மாமீட்டர், பாராசிட்டமால் சிரப் கைப்பையில் இருக்கட்டும். காகிதம், கிரேயான், பிள்ளைக்குப் பழகிய ஒரு போர்வை ஆகியவற்றுக்கு இரண்டு கிலோ ஒதுக்குங்கள். முதல் நான்கு நாள் பிள்ளைகள் நள்ளிரவில் விழித்து விளையாடுவார்கள். வீட்டுக்காரர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

தனிமை முடிந்ததும் சமூகக் காப்பீட்டுக்கான சின் எண் எடுங்கள், ஒன்டாரியோ மருத்துவ அட்டைக்கு விண்ணப்பியுங்கள். மருத்துவ அட்டைக்கு முன்பு இருந்த மூன்று மாதக் காத்திருப்பை 2020 மார்ச்சில் நீக்கிவிட்டார்கள். பி.ஆர். அட்டை அஞ்சலில்தான் வரும். கனடா முகவரியை 180 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். தவறினால் ஆளுக்கு 50 டாலர் கட்டி மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.