கண்ணாடி விரிசல் அடைக்கும் விளக்கு: வாங்கும் முன்னே பாருங்க



கல் தெறித்து கார், லாரியின் முன்கண்ணாடியில் விழும் சின்ன விரிசலை ரெசின் ஏற்றி அடைக்கும் தொழிலுக்கு நம் குழுக்களில் சிலர் கடன் கேட்கிறோம். இந்த ரெசின் புற ஊதா ஒளி (யு.வி.) பட்டால்தான் இறுகும். ஆகவே விளக்கு தப்பினால் கடன்தான் மிஞ்சும்.

ஊதா நிறத்தில் பளிச்சுனு எரிஞ்சா நல்ல விளக்குன்னு நம்பாதீங்க. வேலை செய்யும் ஒளி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. ரெசின் பாட்டிலில் 365 நானோமீட்டர் என்றிருந்தால் விளக்கிலும் அதே எண் இருக்கணும். 395 விளக்கு மலிவுதான்; ஆனால் 365-க்கான ரெசின் அதில் பிசுபிசுப்பாகவே நின்றுவிடலாம்.

பணம் கொடுக்கும் முன் கடைக்குள்ளேயே சோதித்துவிடுவோம். வெயிலில் வேண்டாம், வெயிலே ரெசினை இறுக்கிவிடும். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை விளக்கைக் காட்டி, ஊசியால் குத்திப் பாருங்க. ஊசி இறங்கினால் அந்த விளக்கு வேண்டாம்.

கார் பேட்டரி 12 வோல்ட், பெரிய லாரிக்கு 24. காருக்கான விளக்கை லாரியில் மாட்டினால் கருகிடும். சார்ஜ் போட்டு எடுத்துப்போகும் விளக்கே நமக்குத் தோது. விளக்கை நேராகப் பார்த்தால் கண்ணுக்குக் கெடுதல், யு.வி. தடுக்கும் கண்ணாடியின் விலையையும் கடன் மனுவிலேயே சேர்த்து எழுதுங்க.