ஒற்றையாள் வள்ளம் வாங்கப் போகிறீர்களா?

யாழ்ப்பாணத்தின் தெல்லிப்பழையில் இருப்பவருக்கு எட்டும் தூரத்தில் இரண்டு கடல்கள். வடக்கே கீரிமலை, காங்கேசன்துறை, மயிலிட்டி என்று திறந்த கடல். தெற்கே அராலி, நாவாந்துறை, பண்ணை என்று பரவைக்கடல். 1990 போர்க்கால இடப்பெயர்வுக்குப் பின் வடகரை நீண்ட காலம் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது 2017 ஜூலையில்தான். இடையில் ஒரு தலைமுறையே கடல் பழகாமல் வளர்ந்துவிட்டது. இன்று தூண்டில் போடவும், நண்டு வலை வைக்கவும், சும்மா துடுப்புப் போட்டு வரவும் தனியாள் வள்ளம் தேடுகிறவர்களில் பலர் அந்தத் தலைமுறையினர். அவர்களுக்காகவே இந்தப் பட்டியல்.

செய்ய வேண்டியவை

1. வள்ளத்துக்கு முன் தண்ணீரைத் தீர்மானியுங்கள். பரவைக்கடல் பல இடங்களில் இடுப்பளவு, கழுத்தளவுதான். அங்கே தட்டையான அடியுள்ள சிறு தெப்பம் போதும். மரக்கோல் ஊன்றியே தள்ளலாம். வடகடலில் அலை உடையும். அதற்கு அணியம் (முன்முனை) உயர்ந்து, அடி சற்று வளைந்து, நீளம் 14 அடிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. வழுக்கையாற்றை நம்பி மட்டும் வாங்காதீர்கள். அது மாரியில் மட்டும் ஓடுவது.

2. சுமையைக் கூட்டிப் பாருங்கள். உங்கள் எடை, வலை, நங்கூரம், குடிதண்ணீர்க் கான், பிடிபடும் மீன் எல்லாவற்றையும் சேர்த்து, அதற்கு மேலும் மூன்றில் ஒரு பங்கு தாங்குவதாக இருக்கட்டும். முழுச் சுமையோடு விளிம்பு தண்ணீரை நெருங்கினால் அந்த வள்ளம் உங்களுக்குச் சிறிது.

3. தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பாருங்கள். ஏறியதும் ஆடாமல் நிற்கும் தட்டை அடி, பக்க அலை தூக்கினால் சட்டென்று புரளக்கூடும். முதலில் தள்ளாடும் வளைந்த அடி, சரிந்த பிறகு பிடித்து நிற்கும். இந்த வேறுபாடு கரையில் நின்றால் தெரியாது.

4. நெஞ்சளவு தண்ணீரில் வள்ளத்தைக் கவிழ்த்து, நிமிர்த்தி, தனியே ஏறிப் பாருங்கள். தண்ணீர் நிறைந்த பின்னும் அது உங்களைத் தாங்கி மிதக்க வேண்டும். கட்டுமரத்துக்கு இந்தக் கவலை இல்லை. பைபர் வள்ளமென்றால் அணியத்திலும் பின்புறத்திலும் காற்றறையோ நுரை அடைப்போ உண்டா என்று கேளுங்கள்.

5. பழைய பைபரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓசை ஓரிடத்தில் மாறி மந்தமாகக் கேட்டால் உள்ளே அடுக்குப் பிரிந்திருக்கலாம். அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள்; வடகரையின் சுண்ணாம்புப் பாறையும் முருகைக்கல்லும் முதலில் தேய்ப்பது அதைத்தான். சந்தேகமென்றால் கைதேர்ந்தவரிடம் காட்டுங்கள். 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியோடு காரைநகரில் தொடங்கிய சீநோர் நிறுவனம் பைபர் படகு கட்டியது. ஆகவே யாழ்ப்பாணத்துக்குப் பைபர் வேலை புதிதல்ல.

6. தூக்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் கயாக் பெரும்பாலும் 20 முதல் 30 கிலோ. ஒருவர் இழுத்துச் செல்லலாம். கனத்த தெப்பத்துக்கு இன்னொரு ஆளும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியும் வேண்டும். கரையில் விட்டுவைக்க இடமில்லாதவர் எடை குறைந்ததையே வாங்கட்டும்.

7. மீன்பிடிக்கவென்றால் பதிவு பற்றிக் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தில் விசாரியுங்கள். இயந்திரமில்லாத பாரம்பரியக் கலங்களுக்கும் தனிப் பதிவு வகை உண்டு. பழைய வள்ளமென்றால் பக்கத்தில் எழுதிய இலக்கமும் பத்திரத்திலுள்ள இலக்கமும் ஒன்றா என்று பார்த்து, உரிமை மாற்றிய பிறகு முழுப் பணத்தைக் கொடுங்கள்.

செய்யக்கூடாதவை

1. கரையோரம் அமைதியாக இருக்கிறது என்று சோழகக் காலத்தில் வடகடலில் இறங்காதீர்கள். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை காற்று தென்மேற்கிலிருந்து, தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையருகே அலை தெரியாது. வெளியே போன பின் துடுப்பால் திரும்பி வருவதுதான் பெரும்பாடு. வடகிழக்கு வாடையில் நிலைமை தலைகீழ்: அலை நேரே கரையில் மோதும், வள்ளத்தை இறக்கவே விடாது.

2. கனடா ஏரியில் உறவினர் ஓட்டும் திறந்த வள்ளத்தைப் படத்தில் பார்த்து அதே மாதிரி தேடாதீர்கள். அதன் உயர்ந்த பக்கங்கள் காற்றைப் பிடிக்கும். நாலு அலை உள்ளே விழுந்தால் தொட்டியாகிவிடும். வடகடலுக்கு மேல்மூடியுள்ளதோ, தண்ணீர் தானாக வடியும் கயாக்கோ பொருத்தம்.

3. துடுப்புக்கென்று கட்டிய வள்ளத்தில் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டாதீர்கள். பின்புறம் அமிழும், அணியம் தூக்கும், விளிம்பு பிளக்கும்.

4. புதுப் பெயின்ற் பளபளப்பை நம்பி விலை பேசாதீர்கள். வெடிப்பை மறைக்க அதைவிட மலிவான வழி இல்லை.

5. வாங்கிய வள்ளத்தை வெயிலில் போட்டுவைக்காதீர்கள். பைபரும் பிளாஸ்டிக்கும் வெயிலில் வெளிறி நொய்ந்துபோகும். கிடுகுக் கொட்டில் போதும்.

6. உயிர்காப்பு அங்கிக்கான பணத்தை வள்ள விலையில் கரைக்காதீர்கள். அங்கி, மாற்றுத் துடுப்பு, தண்ணீர் அள்ளும் வாளி, நனையாத உறையில் கைபேசி ஆகியவற்றையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

7. விளக்கில்லாமல் இருட்டில் போகாதீர்கள். காங்கேசன்துறைத் துறைமுக வாயிலைக் குறுக்கே கடக்காதீர்கள். 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினப் பயணிகள் கப்பலும் கடற்படைக் கலங்களும் வந்துபோகும் வழி அது. தாழ்ந்த வள்ளத்தில் இருக்கும் தனியாள் அவற்றைச் செலுத்துவோர் கண்ணில் படுவது அரிது.

முதல் வள்ளம் வாங்குகிறவருக்கு என் தீர்ப்பு இதுதான்: நல்ல நிலையிலுள்ள பழைய பைபர் தெப்பமொன்றை வாங்கிப் பரவைக்கடலில் ஒரு வாடையும் ஒரு சோழகமும் பழகுங்கள். வடகடல் வள்ளத்தைப் பிறகு பார்க்கலாம். விலை பேசப் போகும்போது அந்தக் கரையில் தொழில் செய்யும் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். அவர் வேண்டாம் என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்காமல் வந்துவிடுங்கள்.